பின்னக் கணக்கும் அப்பாயியின் முந்திரியும்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ராஜா, போர், கோட்டை எதுவும் இல்லை. ஒரு வீட்டுப்பாடத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணி. அக்கா பொண்ணு எங்க வீட்ல இருந்தா. அஞ்சாவது படிக்கிறா. நோட்டுல ஒரு கணக்கு: 1/4 + 1/6. அவ எழுதியிருந்த விடை 2/10. மேல இருக்கிறதை மேல கூட்டியாச்சு, கீழ இருக்கிறதைக் கீழ கூட்டியாச்சு. நான் பார்த்துட்டு, "தப்புடா கண்ணு, முதல்ல பகுதியை ஒண்ணாக்கணும், மீ.பொ.ம எடு"ன்னு சொன்னேன்.

"ஏன் மாமா?"

"அதான் ரூல்."

சொல்லி முடிச்ச உடனே எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே கேள்வியைக் கேட்டேன். எனக்கும் இதே பதில்தான் வந்தது, கூடவே கையில ஒரு ஸ்கேல் அடியும். அதுக்கப்புறம் நான் கணக்கு வகுப்புல "ஏன்"னு கேட்டதே இல்லை. இப்ப அவ முகம் சுருங்கி, கண்ணுல தண்ணி நிக்குது. "எனக்குக் கணக்கே வராது மாமா"ன்னு நோட்டை மூடிட்டா.

ஹால்ல எங்க அப்பாயி டிவி பார்த்துட்டு இருந்தாங்க. மன்னார்குடி பக்கம் கிராமம். எண்பத்தஞ்சு வயசு இருக்கும். பள்ளிக்கூடம் அஞ்சாவதோட சரி. அங்க இருந்தே கேட்டாங்க: "என்னடி அழுவுற? அரைக்காலும் மாகாணியும் கூட்டுனா எவ்வளவுன்னு கேளு, நான் சொல்றேன்."

நான் போன்ல போட்டுப் பார்த்தேன். அரைக்கால்னா 1/8. மாகாணின்னா 1/16. நான் தட்டி முடிக்கிறதுக்குள்ள பதில் வந்துடுச்சு: "மூணு வீசம்." வீசம்னாலும் மாகாணின்னாலும் ஒண்ணுதான், பதினாறுல ஒரு பங்கு. ஆக 3/16. சரியான விடை.

மீ.பொ.ம-ங்கற வார்த்தையே கேள்விப்படாத ஒருத்தர் எப்படி இதைப் போட்டாங்க? இந்த எபிசோடு அதைப் பத்தித்தான்.

ஒரே நிறம் ஆக்குதல்

முதல்ல, இந்தப் பிரச்சினை புதுசு இல்லை. எகிப்துல கி.மு. 1550 வாக்குல ஆமெஸ்னு ஒரு எழுத்தர் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தைப் பாப்பிரஸ் சுருள்ல நகல் எடுத்தார். இன்னைக்கு அது லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. ரைண்ட் பாப்பிரஸ்னு சொல்வாங்க. எகிப்தியர்கள் பின்னங்களை எழுதின விதமே வேற. 2/3 மாதிரி ஒண்ணு ரெண்டைத் தவிர, மத்த எல்லாமே "இத்தனையில் ஒரு பங்கு"தான். 2/5-னு எழுத மாட்டாங்க. 1/3-ம் 1/15-ம் சேர்த்து எழுதுவாங்க. இப்படிப் பல துண்டுகளைக் கூட்டி விடை சரியான்னு பார்க்கணும்னா, ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்துல சிவப்பு மையில ஒரு துணை எண்ணைக் குறிச்சுக்கிட்டாங்க. எல்லாத் துண்டையும் ஒரே பெரிய எண்ணோட பங்குகளா மாத்திப் பார்க்கிற வேலை அது. நாம பொதுப் பகுதின்னு சொல்றதோட மூத்த சொந்தக்காரன்னு வெச்சுக்கலாம்.

நம்ம பக்கம் வருவோம். சமஸ்கிருதக் கணித நூல்கள்ல இந்தச் செயலுக்கு ஒரு பேர் உண்டு: கலாசவர்ணம். கலான்னா பங்கு. சவர்ணம்னா ஒரே நிறம், ஒரே இனம். அதாவது பங்குகளை ஒரே நிறம் ஆக்குதல். நம்ம பாடப் புத்தகத்துல "வேற்றினப் பின்னம், ஓரினப் பின்னம்"னு வருது பாருங்க, அதே கருத்துதான். 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் "கணித சார சங்கிரகம்" என்று ஒரு நூல் எழுதினார். பகுதிகள் எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டுப் பெருக்காம, அவற்றோட மீச்சிறு பொது மடங்கை எடுத்தா வேலை சுருங்கும்னு அதுல வழி சொல்லியிருக்கார்.

ஆனா அப்பாயி மகாவீரரைப் படிச்சவங்க இல்லை. அவங்க வந்த வழி வேற.

முந்திரி என்றால் 320-இல் ஒன்று

தமிழ்ல பின்னங்களுக்குத் தனித்தனிப் பேர் உண்டு. முக்கால், அரை, கால் நமக்குத் தெரியும். அதுக்குக் கீழ போனா, நாலுமா 1/5. மும்மா 3/20. அரைக்கால் 1/8. இருமா 1/10. மாகாணி 1/16. மா 1/20. அரைமா 1/40. காணி 1/80. அரைக்காணி 1/160. கடைசியா முந்திரி, 1/320. சாப்பிடுற முந்திரி இல்லை, இது எண்.

இப்ப ஒரு விஷயத்தைக் கவனிங்க. 320-ஐ மேலே சொன்ன எந்தப் பகுதியால வேணும்னாலும் மீதி இல்லாம வகுக்கலாம். காணின்னா 4 முந்திரி. மான்னா 16 முந்திரி. மாகாணின்னா 20. அரைக்கால்னா 40. கால்னா 80. அதாவது ஒவ்வொரு கணக்குக்கும் தனியா பொதுப் பகுதி தேட வேண்டியதே இல்லை. மொத்தச் சமூகமும் சேர்ந்து ஒரே ஒரு பொதுப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதுக்குப் பேரும் குறியீடும் வெச்சுட்டாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மாகாணி. பேரையே உடைச்சுப் பாருங்க: மா, காணி. ரெண்டையும் கூட்டுங்க. 1/20 + 1/80. ஒரு மா என்பது நாலு காணி. நாலு காணியோட ஒரு காணி சேர்ந்தா அஞ்சு காணி. 5/80, சுருக்கினா 1/16. மாகாணி! பேருக்குள்ளேயே வேற்றினப் பின்னக் கூட்டல் ஒண்ணு இருக்கு. அதே மாதிரி மும்மாவும் முக்காணியும் சேர்ந்தா 15/80, அதாவது 3/16. அப்பாயி சொன்ன அதே மூணு வீசம்.

"ஒண்ணேகால்", "ரெண்டேமுக்கால்"னு பேசுறோமே, அந்த "ஏ"தான் கூட்டல் குறி. அப்பாயி "காலே அரைக்கால்"னு சொன்னா 1/4 + 1/8.

காளமேகப் புலவர் பேர்ல ஒரு தனிப்பாடல் உண்டு. காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதரைப் பாடுறது. முதுமை வந்து சேரும் முன்னாடியே இறைவனை நினைச்சுக்கோன்னு கருத்து. முக்கால்னா கம்பு ஊன்றி மூணு காலா நடக்கிறது, ஒருமான்னா காஞ்சியோட ஒற்றை மாமரம், இப்படிச் சிலேடையாவே போகும். அதுல பின்னங்கள் வர்ற வரிசையைப் பாருங்க: முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, அதுக்கும் கீழ அதில் பாதி. முந்திரிக் கணக்குல மாத்தினா 240, 160, 80, 40, 32, 20, 16, 8. ஒண்ணு கூட வரிசை மாறலை. உடல் தளரத் தளர எண்ணும் இறங்குது. கேட்கிறவங்களுக்கு 1/10 பெருசா 1/16 பெருசான்னு யோசிக்காமலே தெரிஞ்சிருந்தாத்தான் இந்தப் பாட்டு எடுபடும்.

சோழர் கல்வெட்டும் வாட்ஸ்அப் ஃபார்வர்டும்

முந்திரிக்குக் கீழேயும் போகலாம். அதுக்கு "கீழ்"னு ஒரு சொல். கீழ் முந்திரின்னா முந்திரியில் 320-இல் ஒரு பங்கு, அதாவது 1/1,02,400. இன்னொரு "கீழ்" போட்டா இன்னொரு 320-ஆல் வகுக்கணும். நம்ம தசமப் புள்ளி ஒவ்வொரு இடத்துக்கும் பத்தால வகுக்கிற மாதிரி, இது 320-ஆல வகுக்குது.

இதை எங்க பயன்படுத்தினாங்க? தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகள்ல. ராஜராஜன் காலத்துல, 1000-ஆம் ஆண்டை ஒட்டி, நிலம் பெரிய அளவுல அளக்கப்பட்டது. கோவிலுக்கு வருமானம் தரும் ஊர்களோட நிலக்கணக்கு கல்லுல இருக்கு. இத்தனை வேலி, இத்தனை மா, காணி, முந்திரிகை, அப்புறம் கீழ், மறுபடி கீழ்னு இறங்கிக்கிட்டே போகும். கடைசியில ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் போகுதுன்னு கல்வெட்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்காங்க. அந்த எண் எங்கிருந்து வந்ததுன்னு கால்குலேட்டர்ல பாருங்க. 320-ஐ நாலு தடவை தன்னோட பெருக்கி, அதை 5-ஆல பெருக்குங்க. சரியா அதே எண்.

இங்கதான் வாட்ஸ்அப் ஃபார்வர்டு உள்ள நுழையும். "தமிழன் அன்றே நானோ அளவை அளந்தான்!" அப்படி இல்லைங்க. டெல்டாவுல இன்னைக்கும் வழக்கத்துல இருக்கிற கணக்குப்படி ஒரு வேலி சுமார் ஆறரை ஏக்கர். அதுல அந்தப் பங்கு சுமார் அரை சதுர மில்லிமீட்டர்தான் வரும். ஒரு கடுகு உட்காரக்கூட இடம் பத்தாது. கோலை வெச்சு யாரும் வயல்ல அதை அளந்திருக்க முடியாது. நீளத்துலயும் அகலத்துலயும் பின்னங்கள் இருக்கும். ரெண்டையும் பெருக்கினா இன்னும் சின்னப் பின்னம் வரும். அதுக்கப்புறம் மொத்த நிலத்துல இருந்து வரி இல்லாத இடங்களைக் கழிக்கணும். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சேரிகள், சுடுகாடு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பின்னம். அந்தக் கழித்தலை முழுசா, மீதி விடாம செஞ்சதுல வந்த எண் அது.

எனக்கு அது குறைஞ்ச விஷயமாத் தெரியலை. வேற்றினப் பின்னங்களைப் பல ஊர்களுக்குக் கழிச்சு, கல்லுல வெட்டியிருக்காங்க. நானோ டெக்னாலஜின்னு பெருமை அடிக்கிறதை விட இந்த உண்மை பெருசு.

திண்ணையில் படித்தவர்கள், படிக்காதவர்கள்

இதெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுத்தாங்க? திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடி இருந்தது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், பெருக்கல் வாய்பாடு, அதுலயும் பின்னத்தைப் பின்னத்தால பெருக்குற கீழ்வாயிலக்கம். பசங்க மணல்ல விரலால எழுதி, கூட்டமாச் சத்தம் போட்டுச் சொல்லி மனசுல ஏத்திக்கிட்டாங்க. திண்ணைப் பள்ளிக் கணக்கை விரிவா ஆராய்ச்சி செஞ்ச வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு, அந்த மனப்பாடத்தை வெறும் கிளிப்பிள்ளைத்தனம்னு ஒதுக்கக் கூடாதுன்னு காட்டுறார். அங்க நினைவாற்றல்தான் கணக்குப் போடும் கருவி. ஊர்ல நெல் அளக்கிற இடத்துல, பொன் நிறுக்கிற இடத்துல, உடனே பதில் சொல்லத் தயார் பண்ற பயிற்சி அது.

ஆனா திண்ணையில யார் உட்கார்ந்தாங்க? 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். பிள்ளைகளைச் சாதிவாரியா, ஆண் பெண் வாரியா எண்ணினாங்க. பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். வயல்ல உழைச்ச பல சாதிகளோட பிள்ளைகளுக்குத் திண்ணைப் பக்கம் இடமே கிடையாது.

இதை ஏன் சொல்றேன்னா, அறுவடை முடிஞ்சதும் களத்துமேட்டுல நெல்லைப் பங்கு போடணும். மேல்வாரம் இவ்வளவு, குடிவாரம் இவ்வளவு, கோவிலுக்கு, ஊர் வேலைக்காரர்களுக்குன்னு ஆளாளுக்கு ஒரு பின்னம். மரக்காலைத் தூக்கி அளந்தவர் ஒருத்தர். ஓலையில எழுதினவர் இன்னொருத்தர். அரைமாவும் முக்காணியும் சேர்ந்தா எவ்வளவுன்னு தெரிஞ்சவர் சொன்னதுதான் கணக்கு. தெரியாதவர் நம்பித்தான் ஆகணும். பொதுப் பகுதி தெரியாம இருக்கிறது பரீட்சையில ரெண்டு மார்க் போற விஷயமா அங்க இல்லை, வீட்டுக்குப் போற நெல் குறையுற விஷயம். பரம்பரையா வந்த கர்ணம் பதவியைத் தமிழ்நாட்டுல ஒழிச்சது 1980-இல்தான்.

அப்பாயிகிட்ட கேட்டேன், "நீங்க எப்படிக் கத்துக்கிட்டீங்க?" அவங்க அப்பா ஒரு பண்ணையில நெல் கணக்கு எழுதினவராம். "ராத்திரி அண்ணனுக்குச் சொல்லிக் குடுப்பாரு. நான் அடுப்பாங்கரையில இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். அண்ணன் மறந்துட்டாரு, எனக்கு மறக்கல"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. என்னால சிரிக்க முடியலை.

மூன்று அண்ணன் தம்பி வந்தால்?

சரி, கதையோட திருப்பம் இங்கதான். நான் பெருமையா அப்பாயிகிட்ட போய், "காலும் ஆறுல ஒண்ணும் கூட்டுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "ஆறுல ஒண்ணா? அப்படி ஒரு பேரே கிடையாதே, அதை யாருடா கேட்டா?"

320-ஐப் பிரிச்சுப் பாருங்க. 64 தடவை 5. உள்ள ரெண்டும் அஞ்சும்தான் இருக்கு, மூணு கிடையாது. மூணு அண்ணன் தம்பிக்குப் பங்கு பிரிச்சா ஒருத்தருக்கு 106 முந்திரி, அது போக இன்னும் மூணில் ரெண்டு முந்திரி. அதைக் கீழ் முந்திரியா மாத்தினா 213, அப்பவும் மூணில் ஒரு பங்கு மிச்சம். அடுத்த கீழுக்குப் போனா மறுபடி 106, அப்புறம் 213. முடியவே முடியாது. நம்ம தசமத்துல 0.333-னு போய்க்கிட்டே இருக்கிற அதே தலைவலி.

பாபிலோனியர்கள் 60-ஐ எடுத்துக்கிட்டாங்க. அதுல மூணு அடங்கும், ஆனா ஏழு அடங்காது. நம்ம பழைய ரூபாயை எடுத்துக்கோங்க. 16 அணா, அணாவுக்கு 12 பைசா... மன்னிக்கணும், 12 பை. மொத்தம் 192 பை. அது 64 தடவை 3. மூணு பேருக்கு ஒரு ரூபாயைப் பிரிச்சா ஆளுக்கு அஞ்சணா நாலு பை, மிச்சமே இல்லை. ஆனா அஞ்சு பேர் வந்தா தொல்லை. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய் 100 நயா பைசாவா மாறினப்போ அஞ்சு உள்ள வந்தது, மூணு வெளிய போயிடுச்சு. ஒரு அணா 6.25 பைசா ஆச்சு. அப்பாயிக்கு அப்ப பதினேழு வயசு இருக்கும். "கடைக்காரன் எல்லாம் அவன் இஷ்டத்துக்கு முழுசாக்கிட்டான்"ங்கறது அவங்க புகார்.

எல்லாருக்கும் எல்லாத்துக்கும் ஒத்துவர்ற ஒரு பொதுப் பகுதி இல்லவே இல்லை. ஒவ்வொரு சமூகமும் தனக்கு அடிக்கடி தேவைப்பட்ட பங்குகளை வெச்சு ஒண்ணைத் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுக்காத எண் வந்தா மாட்டிக்கிட்டது. மீ.பொ.ம இந்த இடத்துலதான் கைகொடுக்குது. முன்கூட்டியே ஒரே எண்ணைப் பிடிச்சு வெச்சுக்காம, வந்து நிக்கிற பின்னங்களைப் பார்த்து அந்த நேரத்துக்குத் தேவையான சின்னப் பங்கை நாமளே செஞ்சுக்கலாம். முந்திரியை நாமளே உருவாக்குற வழி. என் டீச்சர் இதை எனக்குச் சொல்லியிருக்கலாம்.

மறுபடி வீட்டுப்பாடம்

நான் திரும்பி வந்து பாப்பா பக்கத்துல உட்கார்ந்தேன். "உன் விடை 2/10. அது அஞ்சுல ஒண்ணுதானே? கால் பெருசா, அஞ்சுல ஒண்ணு பெருசா?"

"கால்."

"அப்ப காலோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா காலை விடக் குறையுமா?"

அவளே சிரிச்சுட்டா. கணக்குல முதல் பாதி அங்கேயே முடிஞ்சது. தப்புன்னு நான் சொல்லலை, அவளே கண்டுபிடிச்சா.

ஃபிரிட்ஜ்ல ஒரு சாக்லேட் இருந்தது, பன்னண்டு கட்டம். கால் பங்குன்னா மூணு கட்டம். ஆறுல ஒண்ணுன்னா ரெண்டு கட்டம். மொத்தம் அஞ்சு கட்டம். "அப்ப 5/12! ஆனா மாமா, பத்துக் கட்டம் சாக்லேட்டா இருந்திருந்தா?" "நீயே வெட்டிப் பாரு." பத்தை நாலாப் பிரிக்க முடியலை. "பன்னண்டுதான் சரியா உடையுது. 24 கட்டம் இருந்தாலும் உடையும், ஆனா ரொம்பப் பொடியா இருக்கும்." மீச்சிறு பொது மடங்கு எதுக்குன்னு அவ வாயாலேயே வந்துடுச்சு.

அப்புறம் அப்பாயிகிட்ட ஓடினா. "பெரிய பாட்டி, உங்களுக்கு ஆறுல ஒண்ணு நான் சொல்லித் தரேன், எனக்கு மாகாணி சொல்லித் தாங்க." அன்னைக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் ஹால்ல ஒரே சத்தம். அடுப்பாங்கரையில இருந்து ஒளிஞ்சு கேட்ட கணக்கை, அப்பாயி முதல் தடவையா ஒருத்தருக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாங்க.

கடைசியா ஒரு தகவல். 2019-இல் வந்த யூனிகோடு 12-இல் தமிழ்ப் பின்னக் குறியீடுகளைச் சேர்த்திருக்காங்க. முந்திரிக்கும் மாகாணிக்கும் இன்னைக்குக் கணினியில தனி எழுத்து இருக்கு. "கீழ்" குறிக்குக் கூட உண்டு. அதைக் காட்டுற எழுத்துரு உங்க போன்ல இல்லைன்னா, அது வெறும் கட்டமாத்தான் தெரியும்.

உங்க வீட்ல 1957-க்கு முன்னாடி கடைக்குப் போன யாராவது இருந்தா, இந்த வாரம் அவங்ககிட்ட ஒரு பின்னம் கேளுங்க. பதில் வந்ததும் "எப்படி?"ன்னும் கேளுங்க. வீட்ல ஒரு குழந்தை "ஏன்?"னு கேட்டா, தயவுசெஞ்சு ரூல்னு மட்டும் சொல்லிடாதீங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.